கல் எடுத்த பள்ளத்தில் படகு விடலாமா?

#1 ரிட்டர்ன் டிக்கெட்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காட்பாடிக்கு வடக்கே, ஆந்திர எல்லைப் பக்கம் எங்கள் கிராமம். ஊருக்கு மேற்கே ஒரு கல் குவாரி. குத்தகை முடிந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. கல் உடைக்கிற க்ரஷரைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், எடைமேடைக் கொட்டகையின் மூன்று சுவர் மட்டும் மிச்சம். குன்று இருந்த இடத்தில் இப்போது இரண்டு ஏக்கர் பள்ளம், பள்ளம் நிறையத் தண்ணீர். கார்த்திகையில் போய்ப் பார்த்தால் கிளிப்பச்சை நிறத்தில், எதிர்ப்பாறை தலைகீழாகத் தெரிய, அப்படி ஒரு அழகு. வேலூரிலிருந்து பையன்கள் பைக்கில் வந்து ரீல்ஸ் எடுத்துவிட்டுப் போகிறார்கள்.

நான் சிங்கப்பூரில் பதினோரு வருடம் கப்பல் பட்டறையில் இருந்தவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ரூமில் இருக்கிறவர்கள் எல்லாம் தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்குக் கிளம்புவார்கள். எனக்குக் கூட்டம் ஆகாது. சாங்கி முனைக்குப் போய் பம்போட் என்கிற சின்ன மோட்டார் படகைப் பிடித்து புலாவ் உபின் தீவுக்குப் போய்விடுவேன். பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகை எடுப்பார்கள், அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அந்தத் தீவில் பாதி கல் குவாரி. கடலோரத்திலேயே கிரானைட் மலை. 1851-ல் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு அங்கிருந்துதான் கல் போனது. சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கிற, 1924-ல் திறந்த தரைப்பாலத்திலும் உபின் கல் இருக்கிறது. கடைசிக் குவாரியை 1999-ல் மூடினார்கள். பள்ளமெல்லாம் தண்ணீர் நிறைந்து ஏரியாகிவிட்டது. கெத்தாம் குவாரியைச் சுற்றி 2008-ல் மலைசைக்கிள் பாதை போட்டார்கள். பெக்கான் குவாரியில் சாம்பல் நாரை கூடு கட்டுகிறது. வாடகை சைக்கிள், இளநீர்க் கடை, நாலு சாப்பாட்டுக் கடை, அவ்வளவுதான். அதற்கே கூட்டம்.

இங்கேயும் அதே கிரானைட், அதே மாதிரிப் பள்ளம். ஒரு பார்வை மேடை, நாலு பெடல் படகு, டீக்கடை போட்டால் ஊருக்கு வருமானம் வராதா? ஊராட்சியில் பேசலாம் என்று இருக்கிறேன். அதற்கு முன் உங்கள் கருத்து வேண்டும்.

#2 லத்தேரி லோக்கல்

பேரு மட்டும் "மினி ஊட்டி"ன்னு வைக்காதீங்கண்ணா. மினி கோவா, மினி குற்றாலம், மினி மூணாறு எல்லாம் பார்த்தாச்சு. மற்றபடி என் ஓட்டு உங்களுக்குத்தான்.

#3 வாசல்கோலம்

தம்பி, நீங்கள் நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்தத் தண்ணீரை அழகு என்று படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

எங்கள் ஊரிலும் இதே போல் ஒரு பள்ளம் உண்டு. நாலு வருடம் முன்பு, பரீட்சை முடிந்த அன்று, ப்ளஸ் டூ பையன்கள் ஐந்து பேர் குளிக்கப் போனார்கள். நாலு பேர்தான் திரும்பினார்கள். கரையோரம் முழங்கால் அளவுதான் இருந்தது, காலுக்குக் கீழே நல்ல பாறை, அதனால் ஆழமில்லை என்று நினைத்து ஒரு அடி எடுத்து வைத்தான் என்று கூட இருந்த பையன் சொன்னான். தீயணைப்பு வண்டி வந்து, கொக்கி போட்டுத் தேடி, எடுக்கும்போது மறுநாள் பகல் பதினோரு மணி. அந்த அம்மா இன்னும் அந்தப் பக்கமாகப் பஸ் போனால் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் உட்காருகிறாள்.

குவாரி ஓடினபோது எங்கள் வீட்டுச் சுவரில் விரல் போகிற அளவுக்கு விரிசல். "இது பழைய விரிசல்மா" என்றார்கள். மூடிவிட்டுப் போனபோது ஒரு வேலிகூடப் போடவில்லை. இப்போது சுற்றுலா என்றால், அந்த வேலியைப் போடாதவர்களின் வேலையை ஊர் தன் காசில் செய்யப் போகிறது, அதுதானே?

#4 ரிட்டர்ன் டிக்கெட்

அக்கா, படித்ததும் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். நீங்கள் சொல்வது சரி. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். உபினில் எந்தக் குவாரித் தண்ணீரிலும் யாரையும் இறங்க விடமாட்டார்கள். சுற்றி வேலி, எச்சரிக்கைப் பலகை. எத்தனையோ தடவை போயிருக்கிறேன், பெக்கான் குவாரியில் நான் தண்ணீரைத் தொட்டதே இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததுதான்.

இப்போது யோசித்தால், படகு என்பது நானாகச் சேர்த்துக்கொண்டது.

#5 டிரில்லர் மகன்

அந்த அக்கா சொன்ன முழங்கால் ஆழத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். எங்கள் நைனா முப்பது வருடம் கம்ப்ரசர் பிடித்தவர். ஜாக்ஹாமரில் துளை போட்டு, வெடிமருந்துத் தோட்டா இறக்கி, அதை வெடிக்க வைக்கிற கேப்பு செருகி, சிவப்புத் துணி கட்டி, விசில் ஊதி ஆளை விலக்குவதுவரை அவர் பொறுப்பு. இன்றைக்கும் அவருக்கு இடது காது கேட்காது. டிவியை அவர் வைக்கிற சத்தத்தில் தெருவே செய்தி கேட்கும்.

குவாரியை மேலிருந்து கீழே நேராக வெட்டக் கூடாது. படிக்கட்டு மாதிரி, "பெஞ்ச்" விட்டு விட்டு இறங்க வேண்டும். ஒரு பெஞ்சின் அகலம் அதன் உயரத்துக்குக் குறையக் கூடாது என்பது சுரங்க விதி. ஆள் நிற்க, கல் உருண்டால் அங்கேயே தங்க, அதற்குத்தான் அது. தண்ணீர் நிறைந்ததும் இந்த பெஞ்சுகள் எல்லாம் உள்ளே போய்விடும். ஒரு பெஞ்சுக்கு மேல் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது பார்க்கிறவனுக்கு அது கரை. அவன் நாலு அடி நடப்பான், ஐந்தாவது அடி இருபது அடிப் பள்ளம். ஏரி, குளம் மாதிரி மெதுவாக ஆழமாகிற தண்ணீர் இல்லை இது.

இன்னொன்று குளிர். மேலே இரண்டு மூன்று அடி வெயிலில் சூடாக இருக்கும், அதற்குக் கீழே சட்டென்று ஜில்லிடும். வேலூர் வெயிலில் வெந்து போய்க் குதிக்கிறவனுக்கு மூச்சு அடைத்துவிடும். நீச்சல் தெரிந்தவனும் அதில்தான் மாட்டுகிறான்.

அப்புறம் தொங்குகல். கடைசி நாட்களில் அவசர அவசரமாக வெடி வைத்துக் கல் எடுத்திருப்பார்கள், பாறை முகத்தில் பிளந்தும் பிளக்காமலும் நிறைய நிற்கும். மழைக்கு அப்புறம் ஒவ்வொன்றாக விழும். பார்வை மேடையை எங்கே போடுவது என்று இன்ஜினியரைக் கேட்பதற்கு முன், அந்தக் குவாரியில் வெடி வைத்தவர் யாராவது உயிரோடு இருக்கிறாரா என்று கேளுங்கள். எந்த இடத்தில் தோட்டா வெடிக்காமல் போனது என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

#6 உப்புக்காத்து

பிறந்தது குடியாத்தம், பிழைப்பு இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில். கடலோரத்தில் செய்ததைப் பார்த்து இங்கே செய்யலாமா என்று கேட்டதால் ஒரு வார்த்தை.

கடல் ஓரத்து குவாரிகளில் ரொம்பப் பேர் படம் போடுவது வேல்ஸ் நாட்டின் அபெரெய்டி. சிலேட்டுக் கல் எடுத்த பள்ளம், 1910 வாக்கில் வேலை நின்றது. பள்ளத்துக்கும் கடலுக்கும் நடுவில் நின்ற பாறையை உடைத்துக் கடலை உள்ளே விட்டார்கள், மீனவர் படகு ஒதுங்கட்டும் என்று. கிட்டத்தட்ட 25 மீட்டர் ஆழம். "ப்ளூ லகூன்" என்று பேர். 2012-ல் அங்கே 27 மீட்டர் உயரத்தில் மேடை கட்டி, உச்சியிலிருந்து குதிக்கும் உலகப் போட்டி நடத்தினார்கள். சீல் குட்டி போடுகிற இலையுதிர் காலத்தில் ஆட்களைத் தண்ணீர்ப் பக்கம் வராதீர்கள் என்பார்கள்.

அங்கே தண்ணீரைக் கடல் பார்த்துக்கொள்கிறது. அலை ஏறும்போது புதுத் தண்ணீர், இறங்கும்போது பழையது வெளியே. நாளுக்கு இரண்டு தடவை, மின்சாரச் செலவு கிடையாது. நம் பள்ளம் மூடி இல்லாத அண்டா. அதில் விழுகிற சோப்பு நுரை, சிப்ஸ் கவர், படகு கிரீஸ் எல்லாம் அதிலேயேதான் கிடக்கும்.

சட்டத்திலும் வித்தியாசம் இருக்கிறது. கடலோரத்தில் எதைத் தொட்டாலும் சிஆர்இசட், அதாவது கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி. 1991-ல் வந்தது, 2011-லும் 2019-லும் மாற்றி எழுதினார்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் கை நீளும். கிராமப் பகுதியில், சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசித்தால் 50 மீட்டர், குறைவாக இருந்தால் 200 மீட்டர், கட்டடம் கட்டக் கூடாத பகுதி. எங்கள் பக்கம் ரிசார்ட்டுக்காரர்கள் இந்த எண்களைத் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். வேலூருக்கு அந்தத் தொல்லை இல்லை. அந்தக் காவலும் இல்லை.

#7 லத்தேரி லோக்கல்

ஷாங்காய் பக்கத்தில் 88 மீட்டர் குவாரிப் பள்ளத்துக்குள்ளேயே ஓட்டல் கட்டி 2018-ல் திறந்தார்களே, அது மாதிரி நம்ம ஊராட்சி நிதியில்... சரி சரி, போகிறேன்.

#8 கொக்கு பார்வை

கனடாவில் புட்சார்ட் தோட்டம் என்று ஒன்று. வான்கூவர் தீவில், டாட் இன்லெட் என்கிற கடற்கழிமுகத்தை ஒட்டி சிமென்ட் ஆலைக்காகச் சுண்ணாம்புக் கல் எடுத்த பள்ளம். கல் தீர்ந்ததும் முதலாளியின் மனைவி ஜென்னி புட்சார்ட் சுற்றுவட்டாரப் பண்ணைகளிலிருந்து குதிரை வண்டியில் மண் கொண்டுவந்து கொட்டி, பள்ளத்துக்குள்ளேயே தோட்டம் போட்டார். 1921-ல் முடிந்தது. பாறை முகத்தில் கயிற்று ஊஞ்சலில் தொங்கியபடி இடுக்கு இடுக்காக ஐவிக் கொடி சொருகியிருக்கிறார். இதில் எனக்குப் பிடித்தது, கல் எடுத்த குடும்பமே பள்ளத்தையும் பார்த்துக்கொண்டது.

நம் பக்கம் அப்படி யாரும் கிடைக்க மாட்டார்கள் என்பதால் பறவைக்கு வருகிறேன். மனிதன் விட்டுப்போன குவாரிப் பாறையில் கொம்பன் ஆந்தை குடியேறும். பாறைத் திட்டில், கூடு என்று ஒன்று கட்டாமல், வெறும் தரையில் முட்டை வைக்கும். எலி தின்கிற பறவை, சுற்றி நிலக்கடலை போட்டிருக்கிறவர்களுக்கு நல்ல காவல். நீங்கள் மேடை போட நினைக்கிற இடத்தில் பகலில் பெரிய மஞ்சள்-ஆரஞ்சுக் கண் ஒன்று உங்களைப் பார்க்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பாறைக்குக் கீழே வெள்ளை எச்சமும், எலி ரோமம் உருண்டையாகவும் கிடந்தால் வீட்டில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

#9 லாட்ஜ் சாவி

யார் வருவார்கள் என்று யாரும் கேட்கவில்லையே. நான் வேலூரில் ஆஸ்பத்திரிப் பக்கம் லாட்ஜில் வேலை. எங்கள் ரிஜிஸ்டரில் பாதிக்கு மேல் மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா. சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வந்தவர்களோடு துணைக்கு வந்தவர்கள். ஆபரேஷன் தேதிக்குக் காத்திருக்கிற பத்துப் பதினைந்து நாளில் சாயங்காலம் அவர்களுக்கு எங்கே போவது என்று தெரியாது. கோட்டைப் புல்லில் உட்காருவார்கள், ஒரு நாள் ஸ்ரீபுரம் பொற்கோயில், ஒரு நாள் மறுபடியும் கோட்டை.

அவர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி மூன்றுதான். ஷேர் ஆட்டோ போகுமா, பாத்ரூம் இருக்கா, ஏழு மணிக்குள் திரும்பிவிடலாமா. மூன்றுக்கும் ஆமாம் என்றால் வருவார்கள். படகு இருக்கிறதா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ரீல்ஸ் பையன்கள் கணக்கில் வரமாட்டார்கள், அவர்கள் டீகூட வீட்டில் குடித்துவிட்டு வருகிறவர்கள்.

#10 ரிட்டர்ன் டிக்கெட்

நிறைய விஷயம். நன்றி. ஒரு தகவல் நானும் தருகிறேன், இதற்கு அர்த்தம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொங்கலுக்கு மறுநாள் தண்ணீர் நின்ற மட்டத்தில் பாறையில் நீலப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டேன். ஆனி பிறந்ததும் போய், கோட்டிலிருந்து கயிற்றில் கல் கட்டி இறக்கி அளந்தேன். 18 அடி இறங்கியிருந்தது. இறங்கின இடமெல்லாம் பாறையில் வெள்ளை வெள்ளையாகப் பட்டை, பாத்திரத்தில் உப்புத் தண்ணீர் காய்ந்த மாதிரி. வேலூர் வெயிலுக்கு இவ்வளவு ஆவியாகுமா?

#11 ஓய்வுபெற்ற ஓவர்சியர்

ஆகாது தம்பி. கணக்குப் போடுவோம்.

நம் பக்கக் கோடையில் திறந்த தண்ணீரிலிருந்து நாளுக்கு ஆறு மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தை முதல் ஆனி வரை ஐந்து மாதம், 150 நாள். 90 சென்டிமீட்டர், அதாவது மூன்று அடி. சரி, அக்னி நட்சத்திரத்துக்காக இன்னும் அரை அடி சேர்த்துக்கொள்ளுங்கள். மீதி பதினாலரை அடி எங்கே?

ஒரு ஏக்கரில் ஒரு அடித் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 12.3 லட்சம் லிட்டர். உங்கள் பள்ளம் இரண்டு ஏக்கர். பதினாலரை அடிக்கு மூன்றரைக் கோடி லிட்டர். பெஞ்ச் அகலத்தைக் கழித்தாலும் மூன்று கோடிக்குக் குறையாது. 12,000 லிட்டர் டேங்கர் லாரி கணக்கில் 2,500 நடை. ஒன்று, நீங்கள் தூங்கும்போது லாரி ஓடுகிறது. இல்லை, சுற்றி இருக்கிற கிணற்று மோட்டார்கள் பாறை வெடிப்பு வழியாக இதே தண்ணீரை இழுக்கின்றன. பெரும்பாலும் இரண்டும்.

குவாரித் தண்ணீரை லேசாக நினைக்காதீர்கள். 2017, 2019 வறட்சியில் சென்னைக்கே மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் கல் குவாரிகளிலிருந்து தண்ணீர் எடுத்துச் சுத்திகரித்துக் குழாயில் விட்டார்கள்.

இப்போது படகுக்கு வருவோம். தண்ணீர் 18 அடி இறங்குகிற இடத்தில் படகுத்துறை எப்படிக் கட்டுவீர்கள்? தை மாத மட்டத்துக்குக் கட்டினால் ஆனியில் அது மொட்டை மாடி. மிதக்கும் மேடை என்பீர்கள். அதற்கு இறங்குகிற நடைபாலம் எட்டுக்கு ஒன்று சரிவில் வைத்தால்கூட 144 அடி நீளம் வேண்டும். அதற்கு ஆகிற இரும்புச் செலவில் ஊருக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டலாம்.

#12 ரிட்டர்ன் டிக்கெட்

ஐயா, கடலிலும் மட்டம் ஏறி இறங்குகிறதே. சாங்கியில் படகுத்துறை அதற்குத் தகுந்த மாதிரிதான் இருக்கும்.

#13 ஓய்வுபெற்ற ஓவர்சியர்

கடல் இறங்கினால் ஆறு மணி நேரத்தில் ஏறும். உங்கள் பள்ளம் இறங்கினால் ஐப்பசிக்குத்தான் ஏறும்.

#14 மூணு போகம்

ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தண்ணீர் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எனக்கு இதே மாதிரி ஒரு குவாரியை ஒட்டி ஒன்றரை ஏக்கர் நிலம், கிணறு இருக்கிறது.

குவாரி ஓடின காலத்தில் அவர்கள் பள்ளத்தை உலர வைக்க இரவு பகலாக மோட்டார் போட்டுத் தண்ணீரை வெளியே இறைத்தார்கள். என் கிணறு வற்றிவிட்டது. மாட்டை விற்றுவிட்டு ஐந்து வருடம் ராணிப்பேட்டைக்கு ஷிப்ட் வேலைக்குப் போனேன். குவாரி மூடி, பள்ளம் நிறைய ஆரம்பித்த மூன்றாவது வருடம் கிணற்றில் தண்ணீர் வந்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன், மேற்குப் பக்கப் பாறை வெடிப்பில் கசிந்து வருகிறது. அந்தப் பக்கம்தான் குவாரி. இப்போது நிலக்கடலை, கொஞ்சம் கத்திரி.

படகு ஓட வேண்டுமானால் மட்டத்தை நிறுத்தி வைக்க வேண்டும். மட்டத்தை நிறுத்த வேண்டுமானால் முதலில் "கிணற்று மோட்டாரை நிறுத்து" என்று யாராவது வருவார்கள். லாரிக்காரனை நிறுத்தமாட்டார்கள், அவனுக்கு ஆள் இருக்கிறது. என்னைத்தான் நிறுத்துவார்கள். கோபமாக எழுதவில்லை, நடக்கிறதைச் சொல்கிறேன்.

#15 லத்தேரி லோக்கல்

இப்பத்தான் விஷயமே வெளியே வருது. இன்னாண்ணா, படகு கேட்டீங்க, கிணறு வந்துடுச்சு.

#16 உப்புக்காத்து

மூணு போகம் சொன்னதுதான் இந்த இழையிலேயே பெரிய விஷயம் என்று எனக்குப் படுகிறது. உபின் தீவின் குவாரி ஏரியை நம்பி அங்கே விவசாயி யாரும் இல்லை. அபெரெய்டித் தண்ணீரை யாரும் குடிக்க முடியாது. அதனால் அங்கே பள்ளம் என்றால் வேடிக்கை பார்க்கிற பொருள், அவ்வளவுதான். நம் பள்ளத்துக்கு ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள்.

உபினிலேயே செக் ஜாவா என்கிற கடற்கரைப் பகுதியை மண் கொட்டி நிரப்பத் திட்டம் இருந்தது. மக்கள் போய்ப் பார்த்து, எழுதி, பேசியதில் 2001 டிசம்பரில் அதை ஒத்திவைத்தார்கள். அப்புறம் ஒரு மரநடைபாதை போட்டதோடு சரி. இன்று ஜனங்கள் காசு செலவழித்து அங்கேதான் போகிறார்கள், ஒன்றும் செய்யாமல் விட்ட இடத்தைப் பார்க்க.

#17 காட்பாடி கிளார்க்

வருவாய்த் துறையில் இருந்தவன் என்ற முறையில் ஒரே ஒரு விஷயம். முதலில் கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டைப் பாருங்கள். அந்தச் சர்வே எண் பட்டாவா, கல்லாங்குத்து என்கிற பாறை நிலப் புறம்போக்கா? புறம்போக்கு என்றால் குத்தகை முடிந்ததும் நிலம் அரசுக்குத் திரும்பும், ஊராட்சி தீர்மானம் போட்டு மாவட்ட நிர்வாகத்திடம் கேட்கலாம். பட்டா நிலம் என்றால் பள்ளமும் தண்ணீர்க் கரையும் பட்டாதாரருடையவை, நீங்கள் இங்கே போடுகிற திட்டமெல்லாம் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் மெனு போடுகிற கதை.

பணம் பற்றி. மாவட்ட கனிம அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறது. 2015-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தியபோது வந்தது. குத்தகைதாரர்கள் எடுக்கிற கல்லுக்காக அரசுக்குக் கட்டும் சீனியரேஜ் தொகையோடு சேர்த்து அதற்கும் கட்டுகிறார்கள். குவாரியால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குத்தான் அந்தப் பணம். குடிதண்ணீர், சுகாதாரம், கல்வி இவற்றுக்கு முன்னுரிமை. வேலியும் எச்சரிக்கைப் பலகையும் அதில் கேளுங்கள். "சுற்றுலா மேம்பாடு" என்று மனு எழுதினால் எந்தத் துறை என்று தெரியாமல் மேஜை மேஜையாகச் சுற்றும். "உயிர்ப்பாதுகாப்பு வேலி" என்று எழுதுங்கள்.

#18 வாசல்கோலம்

கிளார்க் சார், இந்த வரியை எழுதிக் கொடுக்க நாலு வருடம் முன்பு எங்களுக்கு ஒரு ஆள் இல்லை.

#19 ரிட்டர்ன் டிக்கெட்

அ-பதிவேடு பார்த்தேன். கல்லாங்குத்து. புறம்போக்குதான்.

டிரில்லர் மகன், உங்கள் நைனாவை ஒரு நாள் கூட்டிவர முடியுமா? வண்டி நான் அனுப்புகிறேன். வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு. வெயிலுக்கு முன் முடித்துவிடலாம்.

#20 டிரில்லர் மகன்

கேட்டேன். "எந்தக் குவாரி?" என்றார். சொன்னேன். "அதுல நான் ரெண்டு வருசம் வேலை செஞ்சேன்டா" என்றார். எனக்கே தெரியாது. வருகிறார். ஆனால் சத்தமாகப் பேச வேண்டும், வலது காதுப் பக்கமாக.

#21 ரிட்டர்ன் டிக்கெட்

ஞாயிறு போய்வந்தோம். பதினோரு பேர். நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

பெரியவர் வந்ததும் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. கையில் ஒரு சின்னச் சுத்தியல், வடக்குப் பக்கம் கைக்கு எட்டின இடமாகப் பாறையைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே போனார், ஒரு காதால். கணீர் என்று கேட்டால் தலையாட்டினார். ஒரு இடத்தில் "டொக்" என்றது. நின்றார். "இது நிக்காது. இந்த மழையோ அடுத்த மழையோ" என்றார். நான் பார்வை மேடை என்று மனசுக்குள் குறித்து வைத்திருந்த இடத்துக்கு நேர் மேலே.

பிறகு தெற்குப் பக்கம் போய், சீமைக்கருவேலம் மண்டின ஒரு இடத்தைக் காட்டினார். "லாரி இறங்கின சரிவு இதான்." வெட்டி உள்ளே போனோம். உண்மைதான், பதினைந்து அடி அகலத்துக்கு ஜல்லி மெத்தின பாதை, ஒரே சீராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. படிக்கட்டுப் பள்ளம் கிடையாது. லோடு வண்டி ஏறின பாதை, அதனால் சரிவு மெதுவாகத்தான் இருக்கிறது. நீளக் கழியை ஊன்றிப் பார்த்தோம், நாற்பது அடி தூரம்வரை இடுப்புக்கு மேல் ஆழம் இல்லை. பெரியவர் சொன்னார், அது கீழே தளம்வரை வளைந்து போகிறதாம். அப்படியானால் தண்ணீர் எந்த மாதம் எங்கே நின்றாலும் அந்தச் சரிவில் நடந்தே தண்ணீரைத் தொடலாம். ஓவர்சியர் ஐயாவின் 144 அடிப் பாலம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, கல்லில்.

ஓவர்சியர் ஐயா கூடவே வந்திருந்தார். "இதை நான் யோசிக்கலையே" என்று இரண்டு தடவை சொன்னார். எனக்கு உடனே படகு மறுபடியும் மனசில் ஏறிவிட்டது, மறைக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரிலிருந்து வந்த மூன்று பெண்கள் சரிவைப் பார்த்ததும், இங்கே மாடு இறக்கலாம், துணி துவைக்கலாம், குறுக்கே ஒரு சங்கிலி மட்டும் போட்டுக் கொடு, அதைத் தாண்டிப் போகக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வசதியாக இருக்கும் என்றார்கள். அதோடு படகுப் பேச்சு நின்றது.

முடிவானது இவ்வளவு. வடக்குப் பக்கம் முழுக்க வேலி, கனிம அறக்கட்டளைக்கு மனு, வாசகம் கிளார்க் சார். தெற்குச் சரிவில் இடுப்பளவு ஆழத்தில் சங்கிலி, மட்டம் இறங்க இறங்கச் சங்கிலியையும் இறக்குவது ஊர் பொறுப்பு. பாறையில் அடிக்கணக்கு எழுதி மாதம் ஒரு தடவை மட்டம் குறிப்பது, மூணு போகம் அண்ணன் தன் கிணற்றையும் அதே நாளில் அளந்து அனுப்புகிறார். லாரி விஷயம் ஊர்க் கூட்டத்தில், நான் தனியாக வாயைக் கொடுப்பதாக இல்லை. வங்காளத்து விருந்தாளிகளுக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை, லாட்ஜ் சாவி மன்னிக்கவும். வேலி போட்டு ஒரு மழைக்காலம் போகட்டும்.

கொக்கு பார்வை, கிழக்குத் திட்டில் எலி ரோம உருண்டை நிறையக் கிடக்கிறது. கண்ணைப் பார்க்கவில்லை.

#22 கொக்கு பார்வை

அது உங்களைப் பார்த்திருக்கும்.

#23 லத்தேரி லோக்கல்

அப்போ பேர்ப்பலகைக்கு வேலையே இல்லையா? "மினி உபின்"னு யோசிச்சு வெச்சிருந்தேன்.

#24 ரிட்டர்ன் டிக்கெட்

பலகை உண்டு. "ஆழம் 110 அடி. இறங்காதே." பெரியவர் சொன்ன ஆழம் அது. நீலப் பெயின்ட் அரை லிட்டர் மீதி இருக்கிறது, கையெழுத்து நல்லா இருக்கிறவர் யாராவது ஞாயிறு வாருங்கள்.